நேர்ச்சை வாசல்

மழை தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, விமான நிலையத்துப் பாதுகாப்பு வாசல் அமலோற்பவத்தைப் பார்த்துக் கத்தியது. அதுவரை அது இரும்புக்கும் பித்தளைக்கும் கத்திக்கொண்டிருந்த சாதாரண வாசல்தான். கதவில்லாத வெறும் நிலை, உள்ளே நுழைகிறவர் இடுப்பில் சாவி இருக்கிறதா, சட்டைப்பையில் சில்லறை இருக்கிறதா என்று கண்டு சொல்கிற யந்திரம். அன்றைக்கு அதற்கு என்ன தோன்றியதோ ஆண்டவருக்குத்தான் வெளிச்சம், செயினையும் வளையலையும் கம்மலையும் செருப்பையும் பிளாஸ்டிக் தட்டில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்ற ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்து, அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் போட்டது.

"பின்னாடி போங்க அம்மா. திருப்பி வாங்க," என்றாள் காவலர் பபிதா. வடக்கே எங்கோ பிறந்து, இங்கே வேலைக்கு வந்து, பயணிகளைத் தடவித் தடவியே தமிழ் கற்றுக்கொண்ட பெண் அவள். ஆகையால் அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் போங்க, வாங்க, கையத் தூக்குங்க, திரும்புங்க என்கிற தமிழ்தான்.

அமலோற்பவம் பின்னால் போய்த் திரும்பி வந்தாள். வாசல் கத்தியது. கொண்டை ஊசிகளை உருவித் தட்டில் போட்டுவிட்டு, அவிழ்ந்த முடியை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசல் கத்தியது. ரவிக்கைக் கொக்கியாக இருக்கும் என்று திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கைக்கருவியால் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்த பபிதா, கருவி ஒரு முனகல்கூட முனகாததைக் கண்டு, "ஒண்ணும் இல்ல, போங்க" என்று அனுப்பினாள். ஒண்ணும் இல்லாதவளைப் பார்த்து வாசல் நாலாம் தடவையும் கத்தியது. விமானம் போய்விட்டது.

அவள் போகவேண்டியிருந்தது அக்கரைக்கு. கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிற எண்ணெய்ச் சீமைகள் எல்லாவற்றுக்கும் அவளுடைய உப்பளத்து ஊரில் அக்கரை என்றுதான் பெயர். அங்கே அவளுடைய ஒரே மகள் ரெஜினா ஆஸ்பத்திரியில் நர்ஸ், மருமகன் ஜெரால்டு துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவன், கல்யாணமாகி ஏழு வருஷம், இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போனபிறகு இது மூன்றாவது, பேறுகாலத்துக்கு இன்னும் இருபத்தொரு நாள். முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதுதான் வழக்கம் என்றாலும், இவள் விமானத்தில் ஏறவே கூடாது என்று அக்கரை டாக்டரம்மா சொல்லிவிட்டாள். மகள் தாய்வீட்டுக்கு வரமுடியாவிட்டால் தாய்வீடு மகளிடம் போகட்டும் என்று, சுக்கும் மிளகும் அரிசித் திப்பிலியும் இடித்துக் கருப்பட்டிப் பாகில் கிண்டிய பேறுகால மருந்தையும், பிள்ளையைப் பொதிந்து வைக்கத் துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப் போன பழைய வேட்டிகளையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தாள். மருந்து குழைவாக இருக்கிறது, குழைவாக இருப்பதெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்று அதைப் பைகள் போகிற பெல்ட்டிலிருந்தே எடுத்துப் பறிமுதல் பெட்டியில் போட்டுவிட்டார்கள். வேட்டிகளை விட்டுவைத்தார்கள்.

முன்னால் போகமுடியாவிட்டால் பின்னால் போகலாம் என்று அவள் நினைத்தது அவளுடைய அறியாமை. அங்கேதான் குடியேற்ற மேசைக்காரர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியிருந்தார்.

"முத்திரை விழுந்தா நீங்க நாட்டை விட்டுப் போயாச்சு," என்று விளக்கினார் பாதுகாப்பு அதிகாரி சபேசன். எந்தக் கெட்ட செய்தியையும் தாழ்ந்த குரலில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுகிற மனிதர் அவர். "போனவங்க திரும்பி வரணும்னா வேறொரு நாட்டுலேர்ந்து வரணும். நீங்க எங்கிருந்து வாறீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"இந்தா, இந்த நாற்காலியிலேர்ந்து வாறேன்னு சொல்லுவேன்," என்றாள் அமலோற்பவம்.

"அதுக்குப் படிவத்துல இடமில்லம்மா," என்றார் சபேசன், உண்மையான வருத்தத்தோடு.

அன்று சாயங்காலத்துக்குள் வாசல் இன்னும் பதினோரு பேரைப் பார்த்துக் கத்தியிருந்தது. முத்திரை மேசைக்கும் வாசலுக்கும் நடுவே, கண்ணாடிச் சுவர்களுக்குள், வரிசை நிற்பதற்காகக் கட்டிய நீள மண்டபத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடமும் குண்டூசியளவு இரும்பு இல்லை. யந்திரத்தை மாற்றினார்கள், புது யந்திரமும் அதே பன்னிரண்டு பேரைப் பார்த்துத்தான் கத்தியது. டாக்டர் வந்து எலும்புக்குள் கம்பி இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்தார். நாலாம் நாள், உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பையன் தண்டபாணி, அயல்நாட்டுக் கம்பெனியில் வேலை கிடைத்துப் போகிறவன், தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வேலை கிடைச்சா பழனிக்கு வந்து மொட்டை போடறேன்னு வேண்டியிருந்தனுங்க. விசாவுக்கு எடுத்த போட்டோவுல முடி இருக்குது, மொட்டையா வந்தா உள்ள விடமாட்டாங்கன்னு சொன்னாங்க, அப்படியே விட்டுப்போட்டேன். முருகன்தான் பிடிச்சு உக்கார வச்சுட்டாரோன்னு..."

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். ஒருத்தி சமயபுரத்துக்கு மாவிளக்குச் சொல்லியிருந்தாள், ஒருத்தர் காது கேட்காத தம்பிக்காகப் பாதயாத்திரை சொல்லியிருந்தார். காயல்பட்டினத்துச் செய்யது மீரான், எழுபது வயதுக்காரர், மகன் வீட்டுக்குப் போகிறவர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தர்காவில் ஆயிரம் பேருக்குச் சோறு போடுவதாகச் சொன்ன தன்னுடைய நேர்ச்சையைச் சொன்னார். அமலோற்பவம் தன்னுடையதைச் சொன்னாள்: தாயும் பிள்ளையும் பத்திரமாக இருந்தால், பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்து, மாதா கோயில் முன்னால் தராசில் வைத்து, எடைக்கு எடை உப்புக் கொட்டுகிறேன் என்பது. வேண்டுதல், பொருத்தனை, நேர்ச்சை, நேர்த்திக்கடன் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், வாசலுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது.

சபேசன் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. மேலிடத்துக்கு எழுதினார். எங்கிருந்தோ பதில் வந்தது, அதிலும் ஆச்சரியம் இல்லை. நிறைவேறாத வேண்டுதல் உள்ளவர் இன்னும் நடக்காத ஒரு காரியத்துக்குக் கட்டுப்பட்டவர், கட்டுப்பட்டவரின் மனம் அவர் கையில் இல்லை, தன் மனம் தன் கையில் இல்லாதவரை ஆகாயத்தில் ஏற்றுவது பாதுகாப்பல்ல என்று மூன்று வரியில் இருந்தது.

தண்டபாணிக்கு மொட்டை போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அதில் ஒரு சிக்கல். வாசலுக்கு இந்தப் பக்கம், சோதனை முடியாதவர்கள் நடுவே, கத்தி வரக்கூடாது, வாசலுக்கு அந்தப் பக்கம் தண்டபாணி போகக்கூடாது. ஒரு முழு நாள் யோசித்து, அவனை வாசலுக்கு முன்னால் முட்டி போடவைத்து, தலையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டச் சொன்னார்கள். ஊருக்குள்ளிருந்து ஊழியர் வழியாக வரவழைத்த சலூன்காரர் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தலை ஒரு தேசத்திலும் உடம்பு ஒரு தேசத்திலுமாக இருந்த பையனுக்குத் தண்ணீர் தெளித்துச் சிரைக்க ஆரம்பித்தார். வாசல் கத்திக்கொண்டே இருந்தது, சலூன்காரர் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார், மண்டபத்தில் இருந்தவர்கள் அவரவர் சாமியைக் கும்பிட்டார்கள், பழனி இருக்கிற திசை எது என்று தெரியாமல் பையன் அழுதான். பிடரியில் கடைசி மயிர் விழுந்த நிமிஷம் வாசல் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. தண்டபாணி எழுந்து, தலையைத் தடவிக்கொண்டு நடந்து போனான். திரும்பிப் பார்த்து எல்லாரையும் கும்பிட்டான். போட்டோவும் ஆளும் ஒத்துப்போகவில்லை என்று விமானத்து வாசலில் அவனை இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தார்களாம், பிறகு விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் உலகம் இதைப் பழகிக்கொண்ட வேகத்தை நினைத்தால்தான் மனசு என்னவோ செய்கிறது. பத்திரிகைகள் மூன்று நாள் எழுதின, நாலாம் நாள் நிறுத்திவிட்டன. டிக்கெட் ஏஜெண்டுகள் ரசீதின் அடியில், வேண்டுதல் உள்ளவர்கள் அதை நிறைவேற்றிய பிறகே பயணத் தேதி குறிக்கவும் என்று ஒரு வரி அச்சடித்தார்கள். அக்கரைக்குப் பிள்ளைகளை அனுப்புகிற தாய்மார்கள் கோயிலுக்குப் போனாலும் எதையும் கேட்காமல், சும்மா நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். கல்யாணத் தரகர்கள், பையன் நல்ல பையன், வாசலில் சத்தமே வராது என்று சொல்லி வரன் காட்டினார்கள். மனசைக் காலியாக வைத்துக்கொள்ளப் பத்து நாளில் பயிற்சி கொடுப்பதாக ஒருவர் பலகை மாட்டினார், அங்கேயும் வரிசை நின்றது. எதையும் யாருக்காகவும் வேண்டிக்கொள்ளாதவர்கள் மண்டபத்தின் நடுவே போட்டிருந்த கயிற்றுப் பாதையில் விறுவிறுவென்று நடந்து, சத்தமில்லாமல் வாசலைக் கடந்து, பன்னிரண்டு பேராக இருந்து அறுபது பேராகிவிட்டவர்களைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள்.

அந்த அறுபது பேருக்கும் ஒரு குடித்தனம் உண்டாகிவிட்டது. காலையில் இட்லிப் பொட்டலம், மத்தியானம் சாம்பார் சாதம், கழிப்பறையில் கை உலர்த்துகிற யந்திரத்துக்கு அடியில் பிடித்து ஈரத்துணி காயவைப்பது, மணிக்கொரு தரம் தண்ணீர் பாட்டில். கண்ணாடி வழியாக விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தன. அமலோற்பவத்துடைய விமானம் தினமும் பதினொன்றேகாலுக்கு அவளை விட்டுவிட்டுப் போயிற்று. மறுநாளைக்கு டிக்கெட்டை மாற்றி எழுதிக்கொண்டே இருந்தார்கள், முத்திரை விழுந்தவளுக்கு இருக்கை மறுக்கக்கூடாது என்று அதற்கும் ஒரு விதி இருந்தது. அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு விரல்விட்டு நாளை எண்ணினாள், பதினேழு, பதினாறு, பதினைந்து.

அவளுடைய சிக்கல் மற்றவர்களுடையதைவிட மோசம். மாவிளக்குக்காரி மண்டபத்திலேயே மாவு பிசைந்து, பபிதா வாசலுக்கு அந்தப் பக்கம் திரி கொளுத்தி வைக்க, போய்விட்டாள். இவளுக்கோ பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை. பிறந்தால்தான் எடை போட முடியும், பிறப்பதற்கு முன்னால் அங்கே போய்ச் சேரவேண்டும், போகவேண்டுமென்றால் நேர்ச்சை தீரவேண்டும், நேர்ச்சை தீர வேண்டுமென்றால் பிள்ளை பிறக்கவேண்டும். பங்குச் சாமியாருக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவரவர் மனசாட்சிப்படி செய்யலாம் என்றார் அவர். தன் மனசாட்சி இவ்வளவு தூரம் வந்து இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று அவள் சொன்னதற்கு, ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்தாம் நாள் சபேசன் ஒரு மேசை போட்டு, அதன்மேல் ஒரு கட்டுத் தாளும் நூலில் கட்டிய பேனாவும் வைத்தார்.

"ரொம்பச் சுலபம்," என்றார் தாழ்ந்த குரலில். "யார் மேலயும் நிர்ப்பந்தம் இல்ல. என்னிடம் நிறைவேறாத வேண்டுதல் எதுவும் இல்லை, இருந்தால் அதை இத்துடன் கைவிடுகிறேன். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டா வாசல் சும்மா இருக்கும். சோதிச்சுப் பார்த்தாச்சு."

முதல் நாளே இருபது பேர் போட்டார்கள். ஓரமாக நின்று, அவர்களுடைய சாமிக்கு முதுகைக் காட்டுகிறவர்கள் போல மேசைமேல் குனிந்து, போட்டுவிட்டு வேகமாக நடந்தார்கள். செய்யது மீரான் மட்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"போடலியா அண்ணாச்சி?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"செருப்பக் கழட்டச் சொன்னாங்க, கழட்டினோம். பெல்ட்டக் கேட்டாங்க, இடுப்பைப் பிடிச்சிக்கிட்டே கொடுத்தோம். குடிக்கத் தண்ணி கொண்டுபோகாதேன்னாங்க, கீழ ஊத்தினோம். கேட்டதையெல்லாம் கொடுத்துப் பழக்கி விட்டது நாமதானே தங்கச்சி. அவங்களும் இன்னும் என்ன இருக்குன்னு கேக்கத்தானே செய்வாங்க."

"இல்ல, உங்க நேர்ச்சை... வீட்டம்மாவுக்குக் கண்பார்வை திரும்பணும்னுதானே சொன்னீங்க. அவங்க இப்ப யாரு கூட இருக்காங்க?"

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ மௌத்தாகி ஒண்ணரை வருஷம் ஆச்சும்மா. நேர்ச்சைய எடுக்கல. எடுத்துட்டா அவளுக்குன்னு நான் கேக்க ஒண்ணும் இல்லாமப் போயிரும்ல."

அமலோற்பவம் அன்றைக்கு முழுதும் அந்த மேசை இருக்கிற திசையில் முகம் வைக்கவில்லை. வைத்த நேர்ச்சையை எடுப்பது அவள் ஊரில் யாரும் கேள்விப்படாத காரியம். கோயிலில் கொடுத்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது போல. எடுத்த கையோடு அங்கே பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? பபிதாவுக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து போகும்போது பக்கத்தில் வந்து நின்று, தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் ஒன்றுசேர்த்து, "அம்மா. கை மேல வைங்க, எழுதுங்க, போங்க," என்றாள். அவளுக்கும் ஊரில் ஒரு மகள், இரண்டு வயது, மாமியாரிடம் வளர்கிறது.

பதினெட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"அத்தை," என்றான் ஜெரால்டு. அவன் குரல் கடல்மேல் கேட்கிற குரல் மாதிரி ஏறி ஏறி இறங்கியது. "விடியக்காலத்துலேர்ந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்குதாம். கொஞ்ச நேரம் பாப்பாங்களாம், திரும்பலேன்னா மத்தியானத்துக்கு மேல ஆபரேஷன்கிறாங்க. துடிப்பு சரியா இல்லேன்னு... இருங்க, அவ பேசணும்கிறா."

"யம்மா."

"ராசாத்தி. பயப்படாத. மாதா இருக்காவ. நான் முழங்கால்ல நின்னு..."

"யம்மா, கையெழுத்தப் போடு."

அமலோற்பவம் திரும்பி மேசையைப் பார்த்தாள்.

"இவரு எல்லாஞ் சொன்னாரு. ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டு வாம்மா. பதினொன்னேகால் பிளைட்டு ஏறுனா நாலு மணி நேரத்துல வந்துருவ."

"ஏட்டி, அது ஒனக்காவ வச்ச நேர்ச்சைட்டி. இந்த நேரத்துல போயி அதை எப்படி..."

"எனக்காவத்தானே? நான்தானே சொல்றேன், எடுத்துரு." ஒரு வலி வந்து போகிறவரைக்கும் போனில் மூச்சு மட்டும் கேட்டது. "முதல் பிள்ளைக்கும் நேர்ச்சை வச்ச. ரெண்டாவதுக்கும் வச்ச. ரெண்டு தடவையும் அங்க இருந்துக்கிட்டு வச்ச. நான் இங்க தனியாக் கிடந்தேன். எனக்கு நேர்ச்சை வேண்டாம்மா. நீ வா."

போன் கட்டாகிவிட்டது. அமலோற்பவம் அதை மடியில் வைத்துவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். ஏழு வருஷமாக அவள் மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்ததெல்லாம் இதுதான், இத்தனை கண்விழிப்பும் இத்தனை ஜெபமாலையும் இத்தனை ஒருசந்தி நோன்பும். மகள் வேண்டாம் என்கிறாள். எழுந்தாள், மேசைவரை போனாள், பேனாவை எடுத்தாள், வைத்தாள். திரும்பினால் செய்யது மீரான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போட்டா நீங்க என்ன நெனப்பீக அண்ணாச்சி?"

"போடு தங்கச்சி," என்றார் அவர். "ஒன்னையக் கூப்பிடுறவ உசிரோட இருக்கா."

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள், தேர்வடம் மாதிரி நீளமான பெயர், அதை வைத்த தகப்பனாரை முதல்முறையாக நொந்துகொண்டு, அ, ம, லோ, ற், ப, வ, ம், கடைசிப் புள்ளியை வைக்கும்போது கையை எடுக்க முடியாமல் தாளில் மை ஊறிப் பெரிதாயிற்று. பிறகு தட்டில் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்குள் காலெடுத்து வைத்தாள்.

வாசல் சும்மா இருந்தது.

அவள் கடந்து போய் நின்று திரும்பிப் பார்த்தாள். ஒரு சின்னச் சத்தமாவது போட்டிருக்கலாம். பபிதா ஓடி வந்து தட்டிலிருந்த செயினை எடுத்து அவள் கழுத்தில் தானே மாட்டிவிட்டு, "போங்க அம்மா, போங்க," என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அது கட்டளையாகத் தெரியவில்லை.

விமானத்தில் அவளுக்கு ஜன்னல் ஓரத்து இருக்கை. போனை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தாள். பெல்ட்டைப் போடச் சொன்னார்கள், அதைப் பூட்டத் தெரியாமல் பக்கத்து இருக்கைக்காரர் பூட்டிவிட்டார். கீழே கடல், இவ்வளவு பெரிய கடலை அவள் ஊர்க் கரையில் நின்று பார்த்ததில்லை. ஜெபமாலையை எடுத்தாள்; எடுத்த பிறகுதான் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கைவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. எழுதிக் கொடுத்ததை மாற்றிப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை, உப்பளத்தில் நாற்பது வருஷம் கூலி வேலை பார்த்தவளை ஒரு கங்காணியும் சொல் தவறியவள் என்று சொன்னதில்லை. ஆகையால் வெறுமனே மணிகளை உருட்டினாள். முதல் மணி நேரம் அப்படிப் போயிற்று. இரண்டாவது மணி நேரத்தில், பிள்ளை திரும்பியிருக்குமா, துடிப்பு எப்படி இருக்கும் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள், கொண்டு வந்து வைத்த சாப்பாட்டைப் பார்த்தாள். மூன்றாவது மணி நேரத்தில் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியபோது, அணைத்துக் கிடந்த போனை இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் உதடு அவளைக் கேட்காமலே அசைந்தது.

"மாதாவே, ரெண்டும் ரெண்டாப் பிரிஞ்சு நல்லபடியா இருக்கட்டும். நான் எறங்குற எடத்துலேர்ந்து அவ கட்டில் வரைக்கும் முட்டுக்கால்லயே வாரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தெரிந்தது. பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் போனது போனதுதான், அந்த உயரத்திலிருந்து மாதா காதுக்கு அதிக தூரம்கூட இல்லை.

அக்கரையில் இறங்குகிறவர்களுக்கும் ஒரு வாசல் வைத்திருந்தார்கள். பளிங்குத் தரை, உயரமான கூரை, தெரியாத எழுத்தில் பலகைகள், ஆனால் வாசல் போட்ட சத்தம் மட்டும் அவளுக்குத் தெரிந்த சத்தம்தான். ஓரத்தில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பல தேசத்துப் பெண்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருத்தி, ஒன்றும் கேட்காமல், நகர்ந்து பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து இடம் விட்டாள். சீருடைக்காரன் ஒருவன் அந்த நாற்காலியைக் கைகாட்டினான்.

அமலோற்பவம் போய் உட்கார்ந்தாள். போனைப் போட்டாள். அதற்கு உயிர் வந்ததும் அது அடித்தது.

"அத்தை! எத்தன தடவ அடிக்கிறது! பொம்பளப் பிள்ள. அத்தை, கேக்குதா? கடைசி நிமிஷத்துல தானாத் திரும்பிருச்சு. ஆபரேஷன் இல்ல. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. இந்தா, இந்தா, அழுவுது பாருங்க..."

அவள் கேட்டாள். அவ்வளவு சின்னச் சத்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது போதாமல் முந்தானையால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் ஒரு வார்த்தை புரியாமலே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, டிரைவர் ஒருத்தரை அனுப்பியிருக்கேன், வெளிய உங்க பேரெழுதுன அட்டைய வச்சிக்கிட்டு நிப்பாரு. முப்பத்திரண்டு கிலோமீட்டர்தான், அரை மணியில வந்துரலாம்."

"எத்தன?"

"முப்பத்திரண்டு."

ஊரில் பஸ் நின்று இறங்கினால் எதிரே கோயில், கோயிலை ஒட்டி ஆஸ்பத்திரி. அக்கரையும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் ஏன் நினைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் யார் கிலோமீட்டர் கேட்டுக்கொண்டு நேர்ச்சை வைக்கிறார்கள்.

ஓரத்தில் இன்னொரு மேசை இருந்தது. அதன்மேலும் ஒரு கட்டுத் தாள், நூலில் கட்டிய பேனா. சீருடைக்காரன் இப்போது அதைக் கைகாட்டிச் சிரித்தான், நல்ல மனசோடுதான் சிரித்தான்.

அமலோற்பவம் எழுந்தாள். பழைய வேட்டிகள் இருந்த பையைத் தோளில் மாட்டினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கி இடுப்பில் செருகினாள், நெற்றியில் சிலுவை போட்டாள், மேசையைத் தாண்டி, வாசலுக்கு முன்னால் வந்து, அந்தப் பளிங்குத் தரையில் முழங்காலிட்டாள். ஒரு முழங்காலை எடுத்து முன்னால் வைத்தாள். பிறகு அடுத்ததை.

வாசல் கத்தத் தொடங்கியது. அவள் நிலைக்குள் நுழைந்தபோது அது கத்தியது, நிலையைக் கடந்தபோது கத்தியது, கடந்த பிறகும் நிற்காமல் அவள் முதுகைப் பார்த்துக் கத்தியது. சீருடைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் ஓடி வந்தார்கள். நடக்கிறவளை நிறுத்த அவர்களுக்குத் தெரியும், ஓடுகிறவளைப் பிடிக்கத் தெரியும். ஆரஞ்சு நிறப் பெட்டிகளும் சக்கர நாற்காலிகளும் போய்க்கொண்டிருந்த அந்தப் பெரிய மண்டபத்தின் நடுவில், தலைமுடி கலைந்து, பையும் தோளுமாக, ஒரு முழங்காலுக்கு அடுத்த முழங்கால் என்று வந்துகொண்டிருந்த ஒரு தாயை எந்த இடத்தில் பிடித்து நிறுத்துவது என்று தெரியாமல், அவளோடு சேர்ந்து, அவளுடைய வேகத்துக்கு, இரண்டு பக்கமும் மெல்ல நடந்து வந்தார்கள்.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வெளியே வெயில், காற்றில் மணல். முழங்கால் தோல் அதற்குள் உரிந்து போயிருந்தது.

போன் மறுபடி அடித்தது.

"யம்மா, எங்கம்மா இருக்க?"

"வந்துட்டேன் ராசாத்தி," என்றாள் அமலோற்பவம், அடுத்த முழங்காலை எடுத்து வைத்துக்கொண்டே. "வந்துக்கிட்டே இருக்கேன்."